கொடும்பாவியும் ரிஸ்பாளும்: தாட்சர் மீதான மக்கள் வெறுப்பும் அதைச் சித்திரித்த படைப்புகளும்

ஓர் அரசியல் தலைவர் மறைந்த செய்தியைக் கேட்டு மக்கள் தெருவில் கூடி ஆடிப்பாடுவதை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் தமது 87ஆம் வயதில் காலமானார். அன்று மாலையே இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியிலும் கிளாஸ்கோ நகரின் ஜார்ஜ் சதுக்கத்திலும் மக்கள் கூடிக் களித்தனர். சூனியக்காரி செத்தொழிந்ததைக் கொண்டாடும் பாடல் ஒன்று 1939ஆம் ஆண்டுச் சிறுவர் திரைப்படம் ஒன்றில் உண்டு. பலர் அதனை விலை கொடுத்து வாங்கி, அவ்வாரப் பாடல் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்திற்கு உயர்த்தினர். ஏப்ரல் 17ஆம் நாள் தூய பவுல் பேராலயத்தில் நல்லடக்க ஆராதனை நடைபெற்றது. அதே நாளில் தென் யார்க்ஷயரிலுள்ள கோல்ட்தோர்ப் என்னும் பழைய சுரங்க ஊரில் அவருடைய உருவத்தைச் சவப்பெட்டியில் கிடத்தி, குதிரை வண்டியில் ஏற்றி, ஊர்வலமாகக் கொண்டுசென்று எரித்தனர்.

அவர் பதவியை விட்டு விலகி இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆடியவர்களுள் சிலர் அவர் ஆண்ட காலத்தில் பிறந்திருக்கவும் இல்லை. ஆகவே இதனைக் கணநேரச் சினம் என்று தள்ளிவிட இயலாது. இறந்தோரை இகழ்வது பண்பன்று என்று ஒரு சாரார் கூறினர். அவர் செய்த தீமைக்கு இது தகும் என்று மறு சாரார் கூறினர. இவ்விரு விடைகளும் வெறுப்பைத் தீர்ப்பிடுகின்றனவேயன்றி விளக்குவதில்லை. இவ்வெறுப்பைப் பொருளாகக் கொண்டு எழுந்த நான்கு படைப்புகளை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். அவை ஒரு திரைப்படம், ஒரு பாடல், ஒரு சிறுகதை, ஓர் இசை நாடகம் ஆகும். இவ்வெறுப்பு யாருடைய கண்வழியாகக் காட்டப்படுகிறது? அதன் அடியிலுள்ள காயம் தெரிகிறதா? வெறுப்பை அப்படைப்பு எங்கே கொண்டுசென்று சேர்க்கிறது? இவையே ஒவ்வொன்றினிடத்தும் நாம் கேட்கும் வினாக்கள். பின்னர்த் திருமறையின் ஒளியில் இவற்றைச் சீர்தூக்குவோம்.

1. காயத்தின் வரலாறு

தாட்சர் 1979 மே மாதம் முதல் 1990 நவம்பர் வரை பிரதமராக இருந்தார். 1979, 1983, 1987 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் அவர் கட்சி வென்றது. ஆயினும் அது பெற்ற வாக்குகள் முறையே நூற்றுக்கு 43.9, 42.4, 42.2 என்ற அளவிலேயே இருந்தன. 1983இல் நூற்றுக்கு 42.4 வாக்குகளைக் கொண்டு, 650 இடங்களுள் 397 இடங்களை அக்கட்சி கைப்பற்றியது. எதிராக வாக்களித்த பெரும்பான்மையோர் பல கட்சிகளாகப் பிரிந்து கிடந்தமையால் அவர்களுடைய குரல் பாராளுமன்றத்தில் வலிவிழந்தது. 1982 சனவரியில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது. மறுபுறம், நகராட்சி வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தோர் அவற்றை வாங்கிக்கொள்ள 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதனால் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருந்தோர்க்கே உடைமையாயின. ஒரே ஆட்சி சிலருக்கு வீட்டின் திறவுகோலையும் சிலருக்கு வேலையிழப்பையும் தந்தது என்பதை மறத்தலாகாது.

வெறுப்பு மிக ஆழமாக வேரோடியது நிலக்கரிச் சுரங்க ஊர்களிலேயே. 1984 மார்ச்சில் யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கம் மூடப்படும் என்ற அறிவிப்பை ஒட்டி வேலைநிறுத்தம் வெடித்தது. இருபது சுரங்கங்களை மூடி, இருபதாயிரம் பேரைக் குறைப்பதே திட்டம் என்று சொல்லப்பட்டது. அதைவிட மிகப் பெரிய திட்டம் மறைக்கப்படுகிறது என்று தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் குற்றஞ்சாட்டினார், அது மறுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2014 சனவரியில் வெளியிடப்பட்ட அமைச்சரவை ஆவணங்கள் வேறொன்றைக் காட்டின. 75 சுரங்கங்களை மூன்றாண்டுகளில் மூடும் எண்ணம் நிலக்கரி வாரியத் தலைவர் இயன் மக்கிரெகரிடம் இருந்ததும், அது 1983 செப்டம்பரிலேயே பிரதமருக்குத் தெரிந்திருந்ததும் அப்பொழுது வெளிப்பட்டன.

1984 ஜூன் 18ஆம் நாள் ஆர்கிரீவ் என்னுமிடத்தில் மறியல் செய்தோரைக் காவல்துறையினர் குதிரைகளுடன் தாக்கினர். 95 பேர் மீது கலவரம் முதலிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. காவலரின் சாட்சியம் நம்பத்தகாதது என்று வெளிப்பட்டமையால் 1985இல் வழக்கு சரிந்தது. 1991இல் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. ஆயினும் காவலர் எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே 1984 ஜூலையில் தம் கட்சி உறுப்பினரிடையே பேசிய தாட்சர், போக்லாந்துப் போரின் வெளிப்பகைவரோடு ஒப்பிட்டு, உள்ளிருக்கும் பகைவர் என்ற தொடரைக் கையாண்டார். தீவிரவாதத் தலைவர்களையே அவர் கருதினார் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. சுரங்க ஊர்களோ அது தங்களையே குறித்தது என்று கொண்டன.

மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். பல சுரங்கங்கள் நட்டத்தில் இயங்கின. தொழிற்கட்சி அரசுகளும் முன்னர்ப் பல சுரங்கங்களை மூடியிருந்தன. நாடளாவிய வாக்கெடுப்பின்றி வேலைநிறுத்தம் நடத்தப்பட்டமையால் தொழிலாளரே பிளவுண்டனர்; நாட்டிங்காம்ஷயரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். வேல்ஸில் வேலைக்குச் சென்ற ஒரு தொழிலாளியை ஏற்றிச்சென்ற வாடகைக் காரின் மீது, வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த இருவர் பாலத்திலிருந்து கற்காரைப் பாளத்தைத் தள்ளிவிட, ஓட்டுநர் உயிரிழந்தார். வெறுப்பு தான் குறிவைத்த தலைவரைத் தொடவில்லை. வழியிற்சென்ற எளியவன் ஒருவனையே கொன்றது. 1985 மார்ச்சில் தொழிலாளர் தோற்று, வாத்திய இசையுடனும் கொடிகளுடனும் சுரங்கத்திற்குத் திரும்பினர். 1984இல் ஏறத்தாழ 170 சுரங்கங்கள் இருந்தன. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது.

இறையியல் மாணவர் இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாட்சரின் தந்தை ஆல்பிரட் இராபர்ட்ஸ் கிராந்தம் ஊரின் மளிகைக் கடைக்காரர். மெதடிஸ்டு சபையின் அருளுரையாளர். உழைப்பு, சிக்கனம், தன்பொறுப்பு ஆகியவற்றை மகள் அப்பிரசங்க பீடத்தின் அடியிலேயே கற்றார். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளரின் தலைவர்களுள் பலரும் மெதடிஸ்டு அருளுரையாளர்களே. அவர்களுள் ஒருவரான பீட்டர் லீயின் பெயரால் பீட்டர்லீ என்னும் ஊரே அமைந்தது. தோழமை, சங்கம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமத்தல் ஆகியவற்றை அவர்கள் அதே மரபினின்று கற்றனர். ஆகவே இப்பகை அந்நியரிடையே எழுந்ததன்று. ஒரே வேதத்தை இருவேறு வகையாகக் கேட்ட உடன்பிறந்தாரிடையே எழுந்தது. இதன் கசப்பு இத்துணை ஆழமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2. கண்ணாடிக்கு உள்ளிருந்து நோக்குதல்

"இரும்புப் பெண்மணி" என்னும் திரைப்படம் 2011இல் வெளிவந்தது. பிலிடா லாய்டு இயக்கினார். தாட்சராக நடித்த மெரில் ஸ்டிரீப் 2012இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். நினைவு தடுமாறும் முதிய கைம்பெண்ணாகத் தாட்சரை இப்படம் காட்டுகிறது. இறந்த கணவர் டெனிசுடன் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். கடந்த ஆட்சி துண்டு துண்டாக அவர் நினைவில் வந்து போகிறது.

வெறுக்கப்படுபவரும் தூசியான மனிதரே என்று நினைவூட்டுவதால் இப்படம் ஒரு நற்பணி செய்கிறது. முதுமையும் தனிமையும் பகைவரையும் நம்மையும் ஒரே நிலையில் நிறுத்துகின்றன. ஆயினும் மக்களின் சினம் இப்படத்தில் காரின் கண்ணாடிக்கு வெளியே கூச்சலிடும் முகங்களாகவே தோன்றுகிறது. அம்முகங்களுக்குப் பெயரில்லை, வீடில்லை, காரணமில்லை. தலைவரின் துன்பம் ஒரு வரலாறாகவும், மக்களின் துன்பம் ஓர் ஒலியாகவும் அமைந்துவிடுகின்றன. இரக்கம் ஒரு பக்கத்திற்கு மட்டுமே வழங்கப்படும்போது, அது மறுபக்கத்தாரை விலங்குகளாக்கிவிடுகிறது. கண்ணாடிக்கு உள்ளிருந்து நோக்குவோர்க்கு வெறுப்பு எப்பொழுதும் காரணமற்ற வெறியாகவே தெரியும்.

3. கல்லறையின் மீது நிற்றல்

எல்விஸ் காஸ்டெல்லோ 1989இல் வெளியிட்ட பாடலொன்று நேர்மாறான திசையில் செல்கிறது. தேர்தல் காலத்துச் செய்தித்தாள் படமொன்றில், வலியால் வாடும் குழந்தையைத் தாட்சர் முத்தமிடும் காட்சியில் பாடல் தொடங்குகிறது. தாம் நெடுநாள் வாழ்ந்து, அவர் அடக்கம் பண்ணப்பட்ட இடத்தில் நின்று மண்ணை மிதிக்க வேண்டும் என்பதே பாடகரின் வேட்கை. மெல்லிசையில் அமைந்தமையால் இதன் கொடுமை மேலும் கூர்மையாகிறது.

இப்பாடலைத் தீயதென்று ஒதுக்குமுன் சங்கீதம் 109ஐயும் 137ஐயும் நாம் நினைவுகூர வேண்டும். பகைவனின் பிள்ளைகள் திக்கற்றோராகும்படி வேண்டும் சங்கீதத்தையும், பாபிலோனின் குழந்தைகள் மீதே பழிதேடும் சங்கீதத்தையும் நம் வேதாகமத்திலிருந்து நாம் நீக்கிவிடவில்லை. பாடலின் வெறுப்பு பாடகரின் தன்னலத்தினின்று எழுந்ததன்று; ஏழைகளின் பொருட்டு எழுந்தது. எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. சங்கீதக்காரன் தன் சாபத்தைக் கர்த்தரிடம் ஒப்புவிக்கிறான். சாபம் அங்கே வழக்காக மாறுகிறது. தீர்ப்புச் செய்யும் உரிமை அவன் கையைவிட்டு அகல்கிறது. காஸ்டெல்லோவின் பாடலுக்குக் கேட்போர் உண்டு, நீதிபதி இல்லை. ஆகவே சாவைத் தவிர வேறு தீர்ப்பை அப்பாடலால் கேட்க இயலவில்லை. சாவோ எல்லோர்க்கும் வருவது. அது ஒருவருக்கும் நீதி வழங்குவதில்லை. மண்ணை மிதித்து முடிந்தபின் மூடப்பட்ட சுரங்கம் மூடியபடியே கிடக்கும்.

4. சன்னல் ஓரத்துக் கதவு

ஹிலரி மாண்டெல் எழுதிய "மார்கரெட் தாட்சரின் படுகொலை" என்னும் சிறுகதை 2014இல் வெளிவந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தாட்சருக்கு நெருக்கமாயிருந்த ஒருவர் காவல்துறை விசாரிக்க வேண்டும் என்றே கோரினார். கதை 1983 ஆகஸ்டில் வின்ட்சர் நகரில் நிகழ்கிறது. கண் அறுவை செய்துகொண்ட பிரதமர் மருத்துவமனையை விட்டு வெளியேறும் வாயிலை நோக்கி ஒரு வீட்டின் சன்னல் அமைந்திருக்கிறது. பழுதுபார்க்க வந்தவன் என்று எண்ணி அவ்வீட்டுப் பெண் ஒருவனை உள்ளே விடுகிறாள். அவனோ துப்பாக்கியுடன் வந்தவன். அயர்லாந்தின் துயரம் அவனை அனுப்பியிருக்கிறது. பத்துப் பேர் உண்ணாநோன்பிருந்து சிறையில் மாண்ட 1981ஆம் ஆண்டு அக்கதையின் பின்னணியில் நிற்கிறது.

இக்கதையின் வலிமை கொலைகாரனிடத்தில் இல்லை, அப்பெண்ணிடத்தில் இருக்கிறது. அவள் நடுத்தர வாழ்வினள், வேலையிழந்தவள் அல்லள், சிறைப்பட்டவள் அல்லள். பிரதமரின் குரலும் நடையும் பாசாங்கும் அவளுக்கு ஒவ்வவில்லை. தேநீர் கலந்து கொடுத்துக்கொண்டே அவள் மெல்ல உடந்தையாகிறாள். அவன் தப்பிச்செல்லும் கதவையும் காட்டிக்கொடுக்கிறாள். புண்பட்டவனின் வெறுப்பும் புண்படாதவளின் வெறுப்பும் ஒரே அறையில் சந்திக்கின்றன. முன்னதற்கு வரலாறு உண்டு. பின்னதற்குச் சுவை மட்டுமே உண்டு. பொதுவெறுப்பு பேருருக் கொள்வது இவ்விரண்டும் கலக்கும்போதுதான் என்று மாண்டெல் நுட்பமாகக் காட்டுகிறார். ஒரு பெண் தலைவரை மக்கள் சூனியக்காரி என்று அழைத்தபோது, அச்சொல்லில் சுரங்கத்தின் துயரம் எவ்வளவு, பெண்ணின் அதிகாரத்தைப் பொறாத பழைய வழக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டியது அறிவுடையோர் கடன். இக்கதை அவ்வினாவை எழுப்புகிறது. அதுவே அதன் பயன். ஆயினும் இது துப்பாக்கியோடு முடிகிறது. அதற்கு அப்பால் செல்லும் கதவு இக்கதையில் இல்லை.

5. சாபத்தின் அடியிலுள்ள ஒப்பாரி

"பில்லி எலியட்" 2000இல் திரைப்படமாக வந்து, 2005இல் எல்டன் ஜானின் இசையில், லீ ஹாலின் வரிகளில் இசை நாடகமாயிற்று. டர்ஹாம் சுரங்க ஊரொன்றில், வேலைநிறுத்த காலத்தில், நடனம் கற்க விரும்பும் சிறுவனின் கதை இது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் ஊரார் கிறிஸ்துமஸ் விருந்து கொண்டாடுகின்றனர். தாட்சரின் பொம்மைகளை ஆட்டி, அவர் சாவு ஒவ்வொரு நாளும் நெருங்குகிறது என்று பாடிக் களிக்கின்றனர். தாட்சர் மறைந்த அன்றிரவு இப்பாடலை விட்டுவிடலாமா என்று இலண்டன் அரங்கில் பார்வையாளரிடமே கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் பாட வேண்டும் என்றே வாக்களித்தனர்.

பாடலின் கொடுமையைப் பலர் பேசினர். அதன் பின் என்ன வருகிறது என்பதைப் பேசியவர் சிலரே. அதே விருந்தில், களியாட்டம் ஓய்ந்தவுடன், பில்லியின் தந்தை குடிமயக்கத்தில் எழுந்து, இறந்துபோன தம் மனைவியை நினைந்து உருகும் பாடலொன்றைப் பாடுகிறார். அரங்கு அமைதியில் ஆழ்கிறது. சாபப் பாட்டும் ஒப்பாரியும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வைக்கப்பட்டது தற்செயலன்று. அம்மனிதருக்கு மனைவியும் போயிற்று, வேலையும் போகிறது, மகனின் எதிர்காலமும் தெரியவில்லை. அழுவதற்கு இடமில்லாத ஊரில், நகைத்துச் சபிப்பதே அழுகையின் முகமூடியாகிறது.

மற்றொரு காட்சியும் கருதத்தக்கது. பில்லியின் பயணச் செலவிற்கு ஊரார் காசு சேர்க்கும்போது, வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குச் சென்ற ஒருவன் பெருந்தொகையை நீட்டுகிறான். அண்ணன் டோனி சீறுகிறான். எனினும் அப்பணம் ஏற்கப்படுகிறது. தொலைவிலுள்ள பிரதமரைப் பொம்மையாக்கி எரிப்பது எளிது. பக்கத்து வீட்டுத் துரோகியின் கையிலிருந்து காசை வாங்கிக்கொள்வதே அரிது. இந்நான்கு படைப்புகளுள் வெறுப்பின் காயத்தையும், வெறுப்பவரின் சிறுமையையும், வெறுப்பைக் கடக்கும் வழியின் சாயலையும் ஒருங்கே காட்டுவது இந்நாடகமே என்று நாம் கருதுகிறோம். ஆயினும் இறுதியில் சிறுவன் ஊரை விட்டுப் போகிறான். தொழிலாளர் விளக்கணிந்த தலையுடன் சுரங்கத்தில் இறங்குகின்றனர். ஒருவனுக்குக் கிடைத்த விடுதலை ஊருக்குக் கிடைத்த நீதியாகாது.

6. கொடும்பாவி, போக்காடு, சீமேயி

எரிக்கப்படும் உருவத்தை நம் மொழி கொடும்பாவி என்கிறது. இச்சொல்லின் வரலாறு இங்கே துணைபுரியும். மழை பொய்த்த காலத்தில், ஊரிலுள்ள பெரும்பாவி ஒருவராலேயே வானம் வறண்டது என்று எண்ணி, வைக்கோலால் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து, ஒப்பாரி வைத்து எரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. கோல்ட்தோர்ப்பில் நிகழ்ந்ததும் இவ்வகையான சடங்கே. வாழ்வு வறண்டது, காரணம் ஒருவரே, அவரை எரித்தால் வறட்சி தீரும்.

பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் இத்தகைய நிகழ்ச்சிகளை விளக்குகையில், சமுதாயம் தன் உட்பூசலை ஒருவர் மீது ஏற்றி, அவரை விலக்கி அமைதி காண்கிறது என்றார். அவ்விளக்கம் இங்கே ஓரளவே பொருந்தும். நாட்டிங்காமும் யார்க்ஷயரும் பிளவுண்டதும், மூன்று முறை மக்களே வாக்களித்ததும், வீடு வாங்கி மகிழ்ந்ததும் ஒரு பெயரின் அடியில் மறைக்கப்பட்டன என்பது மெய். ஆனால் ஜிரார் காட்டும் பலியாள் சுமத்தப்பட்ட பழிக்குக் காரணமற்றவர். தாட்சரோ மெய்யாகவே ஆணையிட்டவர், மெய்யாகவே அறிந்து மறைத்தவர். அவரை வெறும் போக்காடு என்று சொல்லி விடுவித்தல், காயம்பட்டோரின் சாட்சியத்தைப் பொய்யாக்குவதாகும். மேலும் லேவியராகமம் 16இல் போக்காட்டின் தலைமேல் கைவைக்கும் ஆசாரியன் அறிக்கையிடுவது ஆட்டின் பாவத்தையன்று, இஸ்ரவேலின் பாவத்தையே. கொடும்பாவி எரிப்போர் தம் பாவத்தை அறிக்கையிடுவதில்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

2 சாமுவேல் 16இல் தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடுகையில், சவுலின் வம்சத்தானாகிய சீமேயி கல்லெறிந்து, இரத்தப்பிரியன் என்று தூஷிக்கிறான். அபிசாய் அவன் தலையை வெட்டிப்போட அனுமதி கேட்கிறான். தாவீது தடுக்கிறான், இத்தூஷணத்தினூடே கர்த்தர் பேசக்கூடும் என்கிறான். வெறுப்புக்குச் செவிகொடுத்த தலைவன் இவன். எனினும் சீமேயியின் குற்றச்சாட்டுக்குத் தாவீது விடையிறுக்கவில்லை. ஆகவே 1 இராஜாக்கள் 2இல் சாகுந்தறுவாயில் அக்கணக்கைச் சாலொமோனிடம் ஒப்படைத்து, சீமேயியின் நரைமயிரை இரத்தத்துடன் பாதாளத்தில் இறங்கச் செய்யச் சொல்கிறான். பொறுத்துக்கொள்ளப்பட்ட வெறுப்பு வேறு. தீர்க்கப்பட்ட வெறுப்பு வேறு.

சீமேயி கூறிய இரத்தம் எது? சவுலின் வம்சத்தார் எழுவரைத் தாவீது கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுத்ததையே அது குறிக்கும் என்று உரையாசிரியர் பலர் கருதுவர். 2 சாமுவேல் 21இல் அந்நிகழ்ச்சி வருகிறது. மூன்றாண்டுப் பஞ்சத்தைத் தீர்க்க எழுவர் தூக்கிலிடப்பட்டனர். தன் இரு குமாரரை இழந்த ரிஸ்பாள் கன்மலையின்மேல் இரட்டை விரித்து, அறுப்பு நாள் தொடங்கி வானத்திலிருந்து மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் பிணங்களை நெருங்கவொட்டாமல் காத்தாள். அவள் தாவீதைச் சபித்ததாக ஒரு சொல்லும் இல்லை. அவள் செய்தது ராஜாவின் செவிக்கு எட்டியது. அவன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணினான். அதன் பின்னரே தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலுக்கு இரங்கினார் என்று பதினான்காம் வசனம் சாற்றுகிறது. எழுவரின் கொலை பஞ்சத்தைத் தீர்த்தது என்று அவ்வசனம் கூறவில்லை. எலும்புகளின் அடக்கத்திற்குப் பிறகே அது வேண்டுதலின் விடையைக் கூறுகிறது. மழைக்காகக் கொடும்பாவி எரிக்கும் மரபுக்கும் மழைவரை காத்திருந்த ரிஸ்பாளுக்கும் இடையிலேயே நம் சிந்தனைக்குரிய பொருள் அமைந்திருக்கிறது. பொதுவெறுப்பு என்பது பெரும்பாலும் அடக்கம் பண்ணப்படாத துயரமே.

7. திருச்சபையின் இடம்

இக்காலத்தில் திருச்சபை வாளாவிருந்தது என்று கூற இயலாது. 1982 ஜூலையில் போக்லாந்து வெற்றிக்கான ஆராதனையில் தலைமைப் பேராயர் இராபர்ட் ரன்சி பகைநாட்டில் பிள்ளைகளை இழந்தோரையும் நினைவுகூர்ந்தார். 1984 செப்டம்பரில் டர்ஹாம் பேராயர் டேவிட் ஜென்கின்ஸ் தம் பதவியேற்பு அருளுரையிலேயே சுரங்கத் தகராறில் சமரசம் வேண்டினார். 1985 டிசம்பரில் வெளிவந்த "நகரத்தில் விசுவாசம்" என்னும் அறிக்கை நகர்ப்புற வறுமையை வெளிக்கொணர்ந்தது; பெயர் வெளியிடாத அரசுத்தரப்பினர் ஒருவர் அதனை மார்க்சீயம் என்று பழித்தார். 1988 மே 21ஆம் நாள் எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பொதுப்பேரவையில் தாட்சர் உரையாற்றி, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும்கூடாது என்னும் பவுலின் கட்டளையை எடுத்தாண்டார். பேரவைத் தலைவர் ஜேம்ஸ் வைட் அவருக்கு நன்றி கூறி, வீட்டுவசதியையும் வறுமையையும் பற்றிய சபையின் அறிக்கைகளைக் கையில் கொடுத்தார். அபிசாயின் வாளும் இல்லை, சீமேயியின் கல்லும் இல்லை; துயரத்தின் சாட்சியம் நேரே அதிகாரத்தின் கையில் வைக்கப்பட்டது. ரிஸ்பாளின் செய்தி ராஜாவுக்கு அறிவிக்கப்பட்டது போன்ற செயல் இது.

அவ்வுரையில் அயலானை நேசித்தல் பற்றித் தமக்குத் தெளிவு தந்தவர் சி. எஸ். லூயிஸ் என்று தாட்சர் கூறினார். அதே லூயிஸ் 1958இல் சங்கீதங்களைப் பற்றி எழுதிய நூலில், சாபச் சங்கீதங்களின் வெறுப்பு மனிதருக்கு இழைக்கப்பட்ட தீங்கின் இயல்பான விளைவு என்று காட்டினார். பிறனைப் புண்படுத்துபவன் அவன் உடைமையை மட்டும் பறிப்பதில்லை. அவனை வெறுப்பு என்னும் சோதனைக்குள்ளும் தள்ளுகிறான். ஆகவே வெறுப்பவரின் பாவத்தில் வெறுக்கப்படுபவருக்கும் பங்குண்டு. அயலன்பைக் கற்பித்த அதே ஆசிரியரின் இந்தப் பாடம் அன்று எடின்பரோவில் பேசப்படவில்லை.

நல்லடக்க ஆராதனையில் இலண்டன் பேராயர் ரிச்சர்டு சார்ட்ரிஸ், கொள்கைகளை விவாதிக்க இது இடமன்று, இங்கே கிடப்பவர் எல்லோரையும் போல் சாவுக்குட்பட்ட ஒருவர் என்னும் பொருள்பட அருளுரைத்தார். கல்லறை அருகில் அது தக்க சொல்லே. ஆனால் விவாதிப்பதற்குரிய இடம் எது என்ற வினா எஞ்சுகிறது. அவ்விடம் முப்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்டமையாலேயே விவாதம் கல்லறை வரை வந்தது. ஆர்கிரீவ் பற்றிய விசாரணையை 2016இல் உள்துறை அமைச்சர் மறுத்தார். 2025 ஜூலையில்தான் சட்டப்படியான விசாரணை அறிவிக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்க ஷெபீல்டு பேராயர் பீட் வில்காக்ஸ் அமர்த்தப்பட்டார். அவ்வறிவிப்பு வருவதற்கு நாற்பத்தோர் ஆண்டுகள் சென்றன. மறியல் செய்தோருள் பலர் இன்று உயிரோடில்லை. எனினும், ஒரு பேராயர் அவ்விருக்கையில் அமர அழைக்கப்பட்டதில் திருச்சபையின் பணி எதுவென்று ஓரளவு விளங்குகிறது. ஆசீர்வாதம் கூறி வெறுப்பை மூடுவதும் அன்று, மேடையேறி அதனை மூட்டுவதும் அன்று. எலும்புகளைச் சேர்ப்பதே அப்பணி.

மேய்ப்பர்களாகப் பணிபுரிவோரும் அதற்கென ஆயத்தம் செய்வோரும் தம் சபையில் ஒரு தலைவர் மீது கடுஞ்சினம் எழக் காணும்போது மூன்றைச் செய்யலாம். முதலாவது, சினத்தைக் கண்டிக்குமுன் அது எந்த இழப்பிலிருந்து எழுந்தது என்று கேட்டறிதல். இரண்டாவது, புண்பட்டவரின் வெறுப்பையும், புண்படாமல் அதில் குளிர்காய்வோரின் வெறுப்பையும் பிரித்தறிந்து, பின்னதைக் கடிந்துகொள்ளுதல். மூன்றாவது, அத்துயரத்தை வழக்காக்கி, தேவ சமுகத்திலும் அதிகாரத்தின் வாசலிலும் வைக்கத் துணைநிற்றல். இம்மூன்றும் செய்யப்படாத இடத்தில் கொடும்பாவிகள் எரிந்துகொண்டே இருக்கும், மழையோ வராது.